நான்கு மணிக்குத் தூங்கும் குழந்தை

ஒரகடம்
29 ஆகஸ்ட் 2013

அன்புள்ள செல்வி,

டேப்லட் திரையில் உன்னைப் பார்த்தபோது பாப்பாவுக்கு நீ யாரென்று தெரிந்ததா என்று கேட்டு அனுப்பியிருக்கிறாய். எனக்குத் தெரியவில்லை. பிறந்து பத்து நாள்தான் ஆகிறது. ஆயிரத்து எண்பது கிராம். இன்னும் பதினோரு வாரம் உன் வயிற்றுக்குள் இருந்திருக்க வேண்டியவள். அவளுக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. கண் திறந்திருந்தது. அதை மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

உன் இடுப்பு எப்படி இருக்கிறது? காய்ச்சல் விட்டதா? உங்கள் கம்பெனி பஸ் மோதிய அன்றே குழந்தையை எடுத்து இங்கே குறைமாதக் குழந்தைகளுக்கான என்.ஐ.சி.யூ.வில் வைத்துவிட்டு, எலும்பு அறுவைக்கு உன்னைச் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அவளை ஒருமுறைகூடத் தொடாமல் நீ போனதை இங்கே சிஸ்டர்கள்கூடச் சொல்லி வருத்தப்படுகிறார்கள். அதனால்தான் சிஸ்டர் கவிப்பிரியா தன் டேப்லட்டை பிளாஸ்டிக் உறையில் போட்டு, தினமும் நான்கு மணிக்குப் பத்து நிமிடம் உனக்குக் காட்ட டாக்டரிடம் அனுமதி வாங்கினாள். தாய்க்கும் பிள்ளைக்கும் இதனால் பிணைப்பு வருமாம். எத்தனை பேரிடம் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கேட்டேன். நீதான் முதல் ஆளாம்.

நான் உங்கள் அறையில் தங்கியிருக்கிறேன். உன் வீட்டுக்காரன் அருள்பாண்டி தெருமுனையில் சிநேகிதன் இசக்கிபாண்டி அறைக்குப் போய்விட்டான். அங்கே ஏற்கெனவே ஐந்து பேர். கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். புள்ளியியல் வகுப்பு நான் இல்லாமலும் நடக்கும். என்னைப் பற்றிக் கவலை வேண்டாம்.

உன் வார்டில் போனில் பேசினால் எட்டுக் கட்டிலுக்கும் கேட்கும் என்றாய். கடிதமே எழுது. அருள்பாண்டி தினமும் உன் பாலைக் கொண்டுவருகிற ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பு.

நேரத்துக்குச் சாப்பிடு.

லீலா சித்தி

*

சென்னை
1 செப்டம்பர் 2013

அன்புள்ள சித்திக்கு,

செல்வி எழுதுகிறேன். காய்ச்சல் இல்லை. மல்லாந்து படுத்தபடியே எழுதுவதால் எழுத்து இப்படி இருக்கிறது. இன்னும் ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்களுக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா? தெரு மெஸ்ஸில் சாம்பார் வாங்காதீர்கள், பருப்பே இருக்காது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காலையில் பம்ப் வைத்தால் இருபது மில்லிதான் வருகிறது. நாலு மணிக்குப் பாப்பாவைப் பார்த்துவிட்டு வைத்தால் நாற்பது, நாற்பத்தைந்து. நர்ஸே ஆச்சரியப்பட்டார். நான் ஒன்றும் செய்யவில்லை சித்தி. அவள் கண்ணைத் திறந்து மூடினாள். எனக்கு நெஞ்சு கனத்து நைட்டி நனைந்துவிட்டது.

நேற்று கண்ணாடிப் பெட்டியின் ஓட்டைக்குள் உங்கள் கை போனது. வளையலைக் கழற்றச் சொன்னார்களா? வெறுங்கையாக இருந்தது. அவள் உங்கள் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறாள்? சூடாக இருக்கிறதா, சில்லென்று இருக்கிறதா? அதை எழுதுங்கள்.

அம்மா இருந்திருந்தால் அம்மா வந்திருப்பாள். நீங்கள் வந்தீர்கள். அதை மறக்க மாட்டேன்.

இப்படிக்கு,
செல்வி

*

ஒரகடம்
6 செப்டம்பர் 2013

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் ஐஸில் நனைந்து வந்தது. இனி பிளாஸ்டிக் கவரில் போடு. அருள்பாண்டி நலம். பாலைக் கொடுத்துவிட்டு இரண்டாவது ஷிப்டுக்கு ஓடுகிறான். கவரை ஒட்டியிருந்ததைப் பார்த்து, "பாலையும் திறக்கப்படாது, கடுதாசியையும் திறக்கப்படாது. அப்ப நான் யாரு அத்தே, கூரியர்காரனா?" என்றான். ஆமாம் என்றேன்.

அவள் பிடி அழுத்தமானது. விரல் நுனி சில்லென்றும் உள்ளங்கை சூடாகவும் இருக்கிறது.

இன்று முதல் கங்காரு முறை என்று ஒன்று தொடங்கினார்கள். தாய் தன் வெறும் மார்பில் குழந்தையைப் போட்டுத் துணியால் கட்டிக்கொண்டு சாய்ந்திருக்க வேண்டும். தாய் வர முடியாவிட்டால் குடும்பத்தில் ஒரு பெண். நான் தயங்கினேன். நாற்பத்தெட்டு வயதில் ஏழெட்டுப் பெண்கள் இருக்கிற அறையில் ரவிக்கையைக் கழற்றச் சொல்கிறார்கள். அங்கே வேலை செய்கிற பிள்ளைப்பாக்கத்து அன்னக்கிளி திரையை இழுத்துவிட்டு, "இன்னாம்மா வெக்கப்பட்டுக்கினு? உன்ன எவன் பாக்கப் போறான் இங்க?" என்றாள். ஒன்றரை மணியிலிருந்து இரண்டரை வரை வைத்திருந்தேன். நெஞ்சில் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்த மாதிரிதான் கனம் தெரிந்தது. மூச்சு விட மறந்துபோகும், கவனித்துக்கொண்டே இருங்கள் என்றார்கள். நானும் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

தொட்டில் அட்டையில் 'செல்வியின் பேபி' என்று எழுதியிருப்பதால் என்னையும் 'செல்வியம்மா' என்றே கூப்பிடுகிறார்கள். ஒவ்வொருவரிடமும் திருத்திச் சொல்ல நேரமில்லை.

எடை 1,190.

லீலா சித்தி

*

சென்னை
9 செப்டம்பர் 2013

அன்புள்ள சித்திக்கு,

வலி குறைந்திருக்கிறது. நீங்கள் நலமா? தூங்குகிறீர்களா?

உங்கள் கடிதத்தை நாலு தடவை படித்தேன். நோட்டுப் புத்தகம் என்று எழுதியிருந்தீர்கள். என் நெஞ்சில் ஒரு புத்தகத்தை வைத்துப் பார்த்தேன். பக்கத்துக் கட்டில் அக்கா சிரித்தார். புத்தகம் சில்லென்று இருந்தது.

உங்கள் மேல் கோபம் வருகிறது சித்தி. எதற்கென்று தெரியவில்லை. கோபப்பட எனக்கு உரிமை இல்லை என்பதும் தெரியும்.

ஆனால் நேற்று நடந்தது உங்களுக்குத் தெரியுமே. நீங்கள் பக்கத்தில்தானே நின்றீர்கள். பெட்டிக்குள் அவள் உங்கள் பக்கம் முகம் வைத்துப் படுத்திருந்தாள். நான் "ஏட்டி, இங்க பாருட்டி" என்றேன். தலையை மெல்லத் திருப்பினாள். சிஸ்டர் கவிப்பிரியா, "அம்மா குரல் வந்ததும் தேடுறா பாருங்க" என்றார். நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் பார்த்தீர்களா இல்லையா? அதை மட்டும் எழுதுங்கள். அன்றைக்கு எழுபது மில்லி வந்தது.

செல்வி

*

ஒரகடம்
12 செப்டம்பர் 2013

அன்புள்ள செல்வி,

நலம். நீயும் வலி குறைந்து இருப்பது நிம்மதி.

குழந்தை தலையைத் திருப்பியதைப் பார்த்தேன். அந்த வயதில் காரணமில்லாமலும் திருப்பும். ஒருமுறை நடந்ததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்று முதலாண்டு மாணவிகளுக்கே சொல்லிக்கொடுக்கிறேன்.

எடை 1,270. ஒரகடத்தில் இரண்டு நாளாக மழை. கார் ஏற்றிப் போகும் லாரிகளால் சாலை முழுக்கச் சேறு. ஷேர் ஆட்டோ நேரத்துக்குக் கிடைப்பதில்லை. வேறு செய்தி இல்லை.

லீலா

*

சென்னை
19 செப்டம்பர் 2013

அன்புள்ள சித்திக்கு,

சுகமா? போன கடிதத்தில் 'சித்தி' என்று போடாமல் 'லீலா' என்று மட்டும் போட்டிருந்தீர்கள். அவசரத்தில் எழுதியிருப்பீர்கள்.

பாப்பாவுக்கு ஏதாவது பிரச்சினையா? மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு வாரமாக நாலு மணிக்கு அவள் தூங்கிக்கொண்டே இருக்கிறாள். உங்கள் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு, முகம் உள்பக்கம். எனக்குத் தெரிவது மஞ்சள் குல்லாவும் உங்கள் தோள்பட்டையும்தான். நான் கூப்பிடுகிறேன். அசைவதே இல்லை. நேற்று அன்னக்கிளி அம்மா டேப்லட்டுக்குள் எட்டிப் பார்த்து, "இன்னாமே உன் புள்ள, நைட் ஷிப்டு பாத்துட்டு வந்தா மாறி தூங்கிக்கினே கீது" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். போனை வைத்த பிறகு அழுதேன்.

பால் குறைகிறது. நேற்று முப்பது. இன்று பதினெட்டு.

நாலு மணிக்கு முன்னால் அவளைப் பெட்டியில் போடச் சொல்ல முடியுமா? ஐந்து நிமிடம் முகத்தைப் பார்த்தால் போதும்.

செல்வி

*

ஒரகடம்
21 செப்டம்பர் 2013

அன்புள்ள செல்வி,

உடம்பைப் பார்த்துக்கொள். பயப்பட எதுவுமில்லை. குறைமாதக் குழந்தைகள் நாளில் பெரும்பகுதி தூங்குவார்கள். தூக்கத்தில்தான் எடை கூடும். இப்போது 1,340.

பால் குறைவதற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். நீ சாப்பிடும் வலி மாத்திரை ஒரு காரணமாக இருக்கலாம். மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதே. பற்றாக்குறைக்குப் பவுடர் பால் சேர்க்கிறார்கள்.

தூங்குகிற குழந்தையை எழுப்புவது நல்லதல்ல.

லீலா சித்தி

*

சென்னை
28 செப்டம்பர் 2013

சித்திக்கு,

நான் கம்பெனியில் என்ன வேலை செய்கிறேன் என்று நீங்கள் கேட்டதே இல்லை. லைனில் டிஸ்ப்ளே செக்கிங். ஒரு போனுக்குப் பதினெட்டு செகண்டு. திரையில் ஒரு புள்ளி செத்திருந்தாலும் கண்டுபிடித்து ஒதுக்க வேண்டும். நாலு வருஷத்தில் ஒரு போன்கூட என் கையைத் தாண்டித் திரும்பி வந்ததில்லை.

குல்லாவைத் தவிர வேறு எதுவும் தெரியாததால், திரையில் தெரிந்த மற்றதையெல்லாம் பார்த்தேன். உங்கள் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் பாப்பாவின் சார்ட் தொங்குகிறது. திரையைப் படமாக எடுத்துப் பெரிதாக்கினேன். கங்காரு நேரம் 1.30 என்று இருந்ததை அடித்து 3.30 என்று மாற்றியிருக்கிறது. செப்டம்பர் 11. பக்கத்தில் 'கூட இருப்பவர் கேட்டதால்' என்று சிஸ்டர் எழுதியிருக்கிறார். கீழே உங்கள் கையெழுத்து. என் மார்க் ஷீட்டில் எல்லாம் பெற்றோர் இடத்தில் அந்தக் கையெழுத்துதான் இருக்கிறது.

8-ஆம் தேதி அவள் திரும்பினாள். 11-ஆம் தேதி நேரம் மாறியது.

நேற்று எட்டு மில்லி வந்தது. அதைப் பாட்டிலில் ஊற்றி அனுப்ப வெட்கமாக இருந்தது. இருந்தாலும் அனுப்பியிருக்கிறேன்.

நீங்கள் பதில் எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

இசக்கிசெல்வி

*

ஒரகடம்
6 அக்டோபர் 2013

செல்வி,

எட்டு நாள் பதில் எழுதவில்லை. உன் ஐஸ் பெட்டி மட்டும் வந்துகொண்டிருந்தது. பாட்டில் மேல் ஒட்டிய காகிதத்தில் நர்ஸ் எழுதிய எண்ணைத்தான் தினமும் படித்தேன். எட்டு. பத்து. ஆறு.

முதலில் குழந்தையைப் பற்றி. 30-ஆம் தேதி வயிறு உப்பியது. பவுடர் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். ஐந்து நாள் வாய்வழி எதுவும் கொடுக்காமல் குளுக்கோஸ் ஏற்றினார்கள். என் மார்பிலும் போடவில்லை, நான்கு மணிக்கு டேப்லட்டையும் உள்ளே விடவில்லை. உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அருள்பாண்டியிடம் சொன்னதும் நான்தான். இப்போது வயிறு வற்றிவிட்டது. நேற்று முதல் மறுபடி பால், கொஞ்சம் கொஞ்சமாக, உன் பால் மட்டும். 1,340-லிருந்து 1,290-க்கு இறங்கி, இன்று 1,320.

நேரத்தை மாற்றச் சொன்னது நான். ஷேர் ஆட்டோ கிடைக்கவில்லை என்று காரணம் சொன்னேன். அது பொய். ஒன்றரை மணிக்கும் நான் அங்கேதான் இருந்தேன், வராண்டாவில் உட்கார்ந்து மூன்றரை ஆகக் காத்திருந்தேன். மார்பில் போட்ட இருபதாவது நிமிடத்தில் அவள் தூங்குவாள் என்று எனக்குத் தெரியும். ஐந்து நாள் கவனித்துக் குறித்து வைத்திருந்தேன்.

அன்றைக்கு அவள் தலையைத் திருப்பியது தற்செயல் இல்லை என்று நினைக்கிறேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் உன் குரல் வந்ததும் திருப்பினாள். உன்னிடம் ஒருமுறை என்றுதான் எழுதினேன். மூன்றாம் நாள் என்னால் அதைத் தாங்க முடியவில்லை. தினம் நான்கு மணி நேரம் அங்கே நிற்பவள் நான். மூச்சை எண்ணுபவள் நான். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வருகிறது, என் கையை விட்டுவிட்டு அவள் அதைத் தேடுகிறாள். எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்தச் சொல்லை என்னைப் பற்றி நான் இதுவரை எழுதியதில்லை.

அன்னக்கிளி கண்டுபிடித்துவிட்டாள். ஒருநாள் துணியைக் கட்டிவிட்டுக்கொண்டே, யாருக்கும் கேட்காமல் சொன்னாள்: "அவங்கம்மா பேசற நேரத்துக்குக் கரீட்டா தூங்க வச்சிடற. போதும்மா. அவ வூட்டுப் புள்ள அது." அதன் பிறகும் ஆறு நாள் அப்படியே செய்தேன்.

உன் பால் குறைந்ததற்கும், வயிறு உப்பியதற்கும் இதுதான் காரணம் என்று நிரூபிக்க முடியாது. நிரூபிக்க முடியாது என்பதற்குப் பின்னால் நான் ஒளிந்துகொள்ளவும் மாட்டேன்.

நாளையிலிருந்து பழையபடி ஒன்றரை மணி. நான்கு மணிக்கு அவள் பெட்டிக்குள் விழித்திருப்பாள். நான் அறைக்கு வெளியே இருப்பேன்.

லீலா

*

சென்னை
14 அக்டோபர் 2013

சித்திக்கு,

நலம். வாக்கர் பிடித்து எழுந்து நிற்கிறேன்.

இந்த ஒரு வாரமும் அவள் முகத்தைப் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே மெலிந்திருக்கிறாள். நேற்று ஐம்பத்தைந்து வந்தது.

வெள்ளிக்கிழமை 18-ஆம் தேதி என்னை டிஸ்சார்ஜ் செய்கிறார்கள். வேனில் படுத்தபடியே நேராக என்.ஐ.சி.யூ.வுக்கு வருகிறேன். அன்றைக்கு அவளை என் மேல் போடுவதாகச் சிஸ்டர் கவிப்பிரியா சொல்லியிருக்கிறார்.

நீங்கள் மறைத்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை, அவரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த நேரத்தில் நீங்கள் அறைக்குள் இருக்க வேண்டாம்.

ராத்திரி தூங்கும்போது உங்கள் தோள்பட்டைதான் கண்ணுக்குள் வருகிறது. அவள் முகம் வருவதில்லை. இதற்கு நான் என்ன செய்ய வேண்டும் என்று படித்த நீங்களே சொல்லுங்கள்.

செல்வி

*

ஒரகடம்
17 அக்டோபர் 2013, மாலை

அன்புள்ள செல்வி,

நாளை நான் உள்ளே வர மாட்டேன். அறையைக் கழுவி வைத்திருக்கிறேன். வாக்கர் போகிற அளவுக்குக் கட்டிலை நகர்த்தியாயிற்று. சனிக்கிழமை இரவு ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். இரண்டு வாரத்துக்கு உன்னோடு இருக்க அருள்பாண்டியின் அம்மா திங்களன்று வருகிறார். இடையில் ஒரு நாளுக்கு அன்னக்கிளி வருவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அவள் எடை இன்று 1,610.

நாளை அவள் உன்னிடம் வந்து அழ வேண்டும் என்று என்னில் ஒரு பகுதி விரும்புகிறது. கொஞ்ச நேரம் அழட்டும், பிறகு அடங்கட்டும் என்று. இதையும் எழுதிவிடுகிறேன்.

19 அக்டோபர்

மேலே எழுதியதை நேற்று உன்னிடம் தரவில்லை. இப்போது இதையும் சேர்த்து உன் தலையணைக்குக் கீழே வைத்துவிட்டுப் போகிறேன். நேற்று நடந்ததை நீ அறிவாய். ஆனாலும் நான் பார்த்ததை எழுதுகிறேன். போன மாதம் பார்த்ததைச் சரியாக எழுதவில்லை.

பதினொன்றே கால் மணிக்கு உன்னைத் தள்ளுவண்டியில் உள்ளே கொண்டுபோனார்கள். என்னைத் தாண்டிப் போனாய். பார்த்தாய். நான் வராண்டா பெஞ்சில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்தில் அழுகை கேட்டது. அவள் அழுகைதான், எனக்குத் தெரியும். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஐந்து நிமிடம் வரை சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகும் அழுகை நிற்கவில்லை. பால் குடித்த உடனே இப்படி அழுதால் அவளுக்கு மூச்சுத் திணறும். நான் எழுந்து கதவருகே போய் நின்றேன். உள்ளே போகவில்லை.

அன்னக்கிளி கதவைத் திறந்தாள். "வாம்மா. அவ கூப்புடுறா" என்றாள்.

கையைக் கழுவிக்கொண்டு வந்தேன். நீ அழுதுகொண்டிருந்தாய். குழந்தை உன் மேல் மல்லாந்து கிடந்த மாதிரி இருந்தது, கால் இரண்டும் காற்றில். சிஸ்டர் வேறொரு குழந்தையிடம் இருந்தாள். "எப்படிப் போடுவீங்க சித்தி?" என்று கேட்டாய். நான் அவளைக் கவிழ்த்து, காலைத் தவளை போல மடக்கி, காதை உன் நெஞ்செலும்புக்கு இடது பக்கம் வைத்தேன். உன் வலது கையை எடுத்து அவள் பிட்டத்தின் கீழே கொடுத்தேன். துணியைக் கட்டினேன். என் கையை அவள் முதுகில் வைத்துக்கொண்டேன். இரண்டு, மூன்று நிமிடத்தில் அழுகை விக்கலாகி, விக்கலும் நின்றது.

என் கை அங்கேயே இருந்தது. எத்தனை நேரம் என்று நான் பார்க்கவில்லை. அந்த ஒரு முறைதான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

நீ மெதுவாகச் சொன்னாய்: "சித்தி, கையை எடுங்க."

எடுத்தேன்.

அவள் அழவில்லை.